நரிப் பொறியும் மெழுகுச் சட்டியும்

பென்சில்வேனியாவின் கிராமப்புறத்தில் கொஞ்சம் நிலத்தோடு குடியிருக்கிறோம். கோழிகளும் கினிக்கோழிகளும் உண்டு. இருட்டுவதற்குள் கூண்டைச் சாத்தி, அரை அங்குலக் கம்பிவலையை மண்ணுக்குள்ளும் இறக்கிப் புதைத்துவிட்டாலே நரித் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அதைச் செய்யாமல் பொறி வாங்கப் போவது வீண். எங்களிடம் வந்த செந்நரியோ, குட்டிகளுக்கு இரை தேடும் கோடையில், பட்டப்பகலில் மேய்கிற கோழிகளைத் தூக்க ஆரம்பித்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் நாற்பது ஐம்பது வருஷமாகப் பொறி வைப்பவர். “பிடிப்பது குளிர்காலத்தில். பொறியை இப்போதே வாங்கு, வேலை அதில்தான் இருக்கிறது” என்றார்.

முதலில் சட்டம். இந்த மாநிலத்தில் நரிக்குப் பொறி வைக்கும் பருவம் அக்டோபர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை போகும். புதிதாக வருபவர்கள் அதற்கான பயிற்சி வகுப்பை முடித்தால்தான் உரிமம். ஒவ்வொரு பொறியிலும் அடையாளத் தகடு கட்டியிருக்க வேண்டும். வைத்த பொறியை 36 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால் அந்த இடைவெளியே அதிகம். தினமும் விடிந்ததும் போய்ப் பார்க்க முடியாதவர் இதில் இறங்கக் கூடாது. பழைய படங்களில் வரும் பல்வைத்த தாடைப் பொறி இங்கே சட்டப்படி கூடாது. நான் வாங்கியது சுருள் ஸ்பிரிங் வைத்த ஒன்றரை நம்பர் பொறி. நரியின் காலைப் பிடித்து நிறுத்தும் அளவு அது.

புதுப் பொறி கடையிலிருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு வரும். அதை அப்படியே புதைத்தால் ஒரு நரியும் கிட்டே வராது. நரிக்கு இரும்பு வாடையே ஆகாது என்று பலர் சொல்வார்கள். அதை நான் முழுசாக நம்புவதில்லை. தினமும் முள்கம்பி வேலிக்கு அடியில் நுழைந்து போகிற விலங்கு அது. இருக்கக் கூடாத இடத்தில் புது வாடை அடித்தால்தான் நின்று யோசிக்கும். துருவால் வரும் பெரிய கேடு வாடை அல்ல. ஈர மண்ணில் வாரக்கணக்கில் கிடக்கும் பொறியில் துரு ஏறினால் மூட்டுகள் இறுகும், நரி மிதித்ததும் பொறியை மூடவைக்கும் மிதிதட்டு சிக்கும், தாடை ஒரு நொடி தாமதித்து மூடும். நரிக்கு அந்த ஒரு நொடி போதும். இல்லையென்றால் விரல் நுனியில் மட்டும் பிடித்து வதைக்கும்.

சரி, பிசுக்கு போக என்ன செய்வது? சலவைச் சோடா போட்ட தண்ணீரில் பொறிகளைக் கொதிக்க வைத்துக் கழுவினேன். அப்புறம் கொட்டகைக்கு வெளியே மழை படும்படி தொங்கவிட்டேன். துருவைத் தடுக்கத் துருப்பிடிக்க விடுவதா என்று வீட்டில் சிரித்தார்கள். துருவைத் தடுக்க அடுத்து ஏற்றும் கருஞ்சாயம் பளபளக்கும் எஃகில் ஒட்டாது. மேலாக மெல்லிய செம்பழுப்புத் துரு படர்ந்தால்தான் பிடிக்கும். விரலால் தடவினால் பொடி ஒட்டுகிற அளவு போதும். செதில் செதிலாக வந்துவிட்டால் கம்பிப் பிரஷ்ஷைத் தூக்க வேண்டியதுதான்.

சாயத்துக்குப் பலர் லாக்வுட் என்ற சாயமரத்தின் தூளை வாங்குவார்கள். ஆஸ்பத்திரி லேப்களில் திசுவுக்கு நிறமேற்றும் ஹீமாடாக்சிலின் அதே மரத்திலிருந்துதான் வருகிறது. எங்கள் நிலத்தில் கருப்பு வால்நட் மரங்கள் இருப்பதால் எனக்கு அந்தச் செலவு இல்லை. கீழே உதிர்ந்த காய்களின் பச்சைத் தோலை வாளி நிறைய உரித்து, பழைய இரும்புப் பீப்பாயில் தண்ணீரோடு கொதிக்க விட்டுப் பொறிகளை உள்ளே இறக்கினேன். தோலில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் துருவோடு சேர்ந்து கருப்பாகப் படியும். ஒரு மணி நேரம் கொதித்தபின் அடுப்பை அணைத்து, ராத்திரி முழுவதும் ஊறவிட்டேன். காலையில் எடுத்தபோது கரிக்கட்டை நிறம். கையுறை போடாமல் தோலை உரித்தால் விரல்களும் அதே நிறம்தான், வாரக்கணக்கில் போகாது.

கடைசியில் மெழுகு. ஆபத்தான கட்டமும் இதுதான். பாரஃபின் மெழுகை நேரடி நெருப்பில் உருக்கினால் ஆவி தீப்பிடிக்கும். வீட்டுக்குள், கொட்டகைக்குள் செய்யவே கூடாது. வெட்டவெளியில், மின்சார அடுப்பில், மூடி கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எரிகிற மெழுகில் தண்ணீர் ஊற்றினால் தீ மேலெழும்பும்; மூடியால் அமுக்கித்தான் அணைக்க வேண்டும். பொறி சொட்டு ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மெழுகு முகத்தில் தெறிக்கும். உள்ளே இறக்கியதும் வடை போட்ட எண்ணெய் மாதிரி சலசலக்கும். அந்தச் சத்தம் அடங்கி, இரும்பும் மெழுகளவு சூடேறியபின் தூக்கினால் உபரி மெழுகு வடிந்து கண்ணுக்கே தெரியாத படலம் நிற்கும். அவசரப்பட்டுத் தூக்கினால் வெள்ளையாகத் தடித்து ஒட்டி, குளிரில் உரிந்து கொட்டும். உடம்பைப் பிடிக்கும் வகைப் பொறிக்கு மட்டும் மெழுகு பூசக் கூடாது. வழுக்கலில் நம் கையிலேயே மூடிக்கொள்ளும்.

வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயல் ஓரத்தில், நரி தடம் போகும் இடத்தில், சாய்வாக ஒரு சின்னக் குழி. எலி தோண்டிய வளைபோல் தெரிய வேண்டும். உள்ளே கொஞ்சம் இறைச்சி, குழியின் வாயில் நரியை இழுக்கும் வாசனை மருந்து ஒரு சொட்டு. குழிக்கு முன்னால் பொறியை மண்ணில் அமுக்கி, எந்தப் பக்கம் தொட்டாலும் ஆடாதபடி இறுக்க வேண்டும். காலடியில் ஏதோ அசைந்தால் நரி மேலே வைத்த காலை எடுத்துவிடும், அல்லது தோண்டிப் பார்க்கும். மேலே சலித்த மண், கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம்.

டிசம்பரில் தரை உறைந்தபோதுதான் மெழுகின் அருமை தெரிந்தது. ஈர மண் கல்லாகிவிட்டால் பொறி மூடாது. பண்ணைக்காரர் கால்சியம் குளோரைடு உப்பைக் கலப்பார். உறைவது குறையும், ஆனால் மெழுகு போன இடத்திலெல்லாம் இரும்பை அரிக்கும். நான் கோடையிலேயே வாளிகளில் சேர்த்த காய்ந்த மண்ணைப் பயன்படுத்தினேன். சுமக்கிற வேலை கூடுதல், பொறி தப்பிக்கும்.

முதலில் மாட்டியது ஒரு ஒபோசம், பூனையளவு இருக்கும் பைவிலங்கு. நீளக் குச்சியால் ஸ்பிரிங்கை அமுக்கி விட்டுவிட்டேன். நரி விழுந்தது உறைபனி படிந்த ஒரு காலையில். முன்னங்காலில், பாதத்துக்கு மேலே பிடித்திருந்தது, தோல் கிழியவில்லை. என்னைக் கண்டதும் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது. கொண்டுபோய் வேறு இடத்தில் விடலாமே என்று ஊரிலிருந்து கேட்கிறார்கள். வெறிநோயைச் சுமக்கக்கூடிய விலங்கை இன்னொருவர் வாசலில் இறக்குவது தீர்வு அல்ல. பண்ணைக்காரரை வரச் சொன்னேன். உரிமம் உள்ளவர், .22 துப்பாக்கியால் ஒரே குண்டில் முடித்தார். தோலை அவரே எடுத்துக்கொண்டார். பார்க்கச் சுலபமாக இல்லை, ஆனால் செய்ததில் எனக்குச் சந்தேகமும் இல்லை. வசந்தத்தில் கோழிகள் மேயப் போயின, எண்ணிக்கை குறையவில்லை.

பருவம் முடிந்ததும் பொறிகளைக் கழுவி, சங்கிலியின் சுழல்வளையங்களில் சிக்கிய வேர், புல்லை எடுத்து, காயவைத்து மாட்டிவிடுவேன். பெட்ரோல் கேனும் டிராக்டரும் நிற்கும் பக்கம் கூடவே கூடாது, வாடை ஏறிவிடும். கறுப்பு நன்றாக இருந்தால் மறுபடி சாயம் வேண்டாம். மெழுகு மட்டும் வருஷா வருஷம் செப்டம்பரில் புதிதாக ஏற்ற வேண்டும்.