எலி சாகலையே, மாப்ள!

“இறாலுக்குப் போடுற பவுடரை எலிக்குக் குடுத்துப் பார்த்தாங்களாமே, ஒண்ணும் சாகலையாமே மாப்ள?” ராமேஸ்வரம் பக்கம் மண்டபத்தில் இறால் எடுக்கும் மாமா என்னைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பது இதுதான். ஏற்றுமதி இறாலில் சல்ஃபைட் அளப்பது என் வேலை. அதனால் பவுடர் சந்தேகம் எல்லாம் என்னிடம் வந்து சேரும்.

பவுடர் என்றால் சோடியம் மெட்டாபைசல்ஃபைட், சல்ஃபைட் வகை உப்பு. இறால் செத்ததும் அதன் தலைப்பக்க நொதிகள் காற்றுப் பட்டு ஓட்டைக் கறுக்க வைக்கும். ஐஸ் போட்டாலும் முழுசாக நிற்காது. கறுத்ததைத் தின்றால் ஒன்றும் ஆகாது, விலைதான் விழும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பவுடர் கரைசலில் முக்கி எடுப்பது.

சரி, எலிக்கு வருவோம். சாகிறதா என்று பார்ப்பது முதல் படி மட்டும்தான். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், இதே பவுடரைத் தீவனத்தில் கலந்து இரண்டு வருஷம் வரை, மூன்று தலைமுறை எலிகளுக்குக் கொடுத்தார்கள். சல்ஃபைட் தீவனத்தில் இருக்கும் பி1 வைட்டமினை உடைத்துவிடும். அப்படியே விட்டால் எலி நோஞ்சானாவது பவுடராலா, வைட்டமின் குறைவாலா என்று பிரிக்க முடியாது. அதனால் பி1-ஐக் கூடுதலாகச் சேர்த்தார்கள். எனக்கு அந்த ஆய்வில் ரொம்பப் பிடித்த இடம் அது. அளவு கூடிய எலிகளுக்கு இரைப்பையின் உட்பக்கம் தடித்தது, மலத்தில் ரத்தம் தெரிந்தது. பாதிப்பே தெரியாத அளவு, நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 70 மில்லிகிராம் சல்ஃபர் டையாக்சைடு (சல்ஃபைட்டை அந்தக் கணக்கில்தான் சொல்வார்கள்). எலிக்கும் மனுஷனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 10, ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்துக்கு 10, ஆக 100-ஆல் வகுத்தால் 0.7 மில்லிகிராம். மனுஷன் கிலோ எடைக்கு நாளைக்கு இவ்வளவு தின்னலாம் என்று வைத்த அளவு அதுதான்.

60 கிலோ ஆளுக்கு நாளைக்கு 42 மில்லிகிராம். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர விதியில் பச்சை இறாலுக்கு உச்ச வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அந்த வரம்பைத் தொட்ட இறால் 420 கிராம் உள்ளே போனால் கணக்கு முடிந்தது. சமைக்கும்போது கொஞ்சம் குறையும்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆள் எவ்வளவு இறால் தின்பார் என்று மாமா வீட்டில் நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022-ல், ஆதாரம் போதாது என்று அந்த 0.7-ஐயே விலக்கிக்கொண்டது.

எலி காட்டிக் கொடுக்காத விஷயமும் உண்டு. ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்குச் சொற்ப சல்ஃபைட்டே மூச்சை அடைக்கும். அமெரிக்காவில் அப்படிச் சிலர் இறந்த பிறகுதான், 1986-ல் பச்சைக் காய்கறி, பழங்களில் இதைத் தடை செய்தார்கள்.

எங்கள் அத்தைக்கு இளைப்பு. அதனால் மாமா, வீட்டுக்கான இறாலை மட்டும் முக்குவதற்கு முன்பே தனியாக எடுத்து வைத்துவிடுவார். மற்றதுக்குப் பவுடர் கைப்பிடிக் கணக்குத்தான். தராசில் நிறுத்துப் போடுங்க மாமா என்றால், “இறால் நிறுக்கவே நேரம் இல்ல, போ மாப்ள” என்கிறார்.