முப்பத்திரண்டு அடி உயரத்தில் பூ கட்டிய கதை

அந்தச் சுவரை எனக்கு முன்பே ஒருவர் பிடித்து வைத்திருந்தார். ஆள் உயரத்துக்கு மேல் சுண்ணாம்புப் பட்டை அடித்து, தடித்த நீல எழுத்தில் ஒரு கட்சியின் பெயர், ஆண்டு, அப்புறம் ‘வரை’. முன்பதிவு. அதன் மேல் டியூஷன் விளம்பரம், அதற்கும் மேல் பாதி கிழிந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சென்னையில் காலிச் சுவர் என்று ஒன்று கிடையாது.

இரண்டு மாடிக் குடியிருப்பின் பக்கவாட்டுச் சுவர் அது. ஜன்னல் இல்லை. தெற்குப் பார்த்தது. 40 அடி அகலம், 32 அடி உயரம். “கலரா ஏதாவது போட்டுக் கொடுங்க, இனிமே எவனும் போஸ்டர் ஒட்டக் கூடாது” என்றார்கள் குடியிருப்போர் சங்கத்தினர். நான் பிழைப்புக்குச் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். அதுவரை வரைந்ததில் பெரியது ஒரு காபிக் கடையின் எட்டடிச் சுவர்தான். இருந்தும் சரி என்று சொல்லிவிட்டேன். மொத்தம் 85,000 ரூபாய், பெயின்ட், சாரம், ஆள் கூலி எல்லாம் அதற்குள். கடைசியில் என் கையில் நின்றது 11,000. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இந்த வேலையில் இறங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

பென்சிலைத் தொடுவதற்கு முன் இரண்டு இடங்களுக்குப் போய்ப் பார்த்தேன். ஒன்று கண்ணகி நகர். நகரத்துக்குள்ளிருந்து அப்புறப்படுத்தப்பட்ட மக்களுக்காக பழைய மகாபலிபுரம் சாலை ஓரம் கட்டிய அடுக்குக் குடியிருப்புகளில் 2020-ல் ஸ்டார்ட் இந்தியா அமைப்பு ஓவியர்களைக் கூட்டி வந்து பெரிய பெரிய சுவரோவியங்கள் போட்டது. ஏ-கில், ஓஷீன் சிவா என்று நம்மூர்க்காரர்களும் அங்கே வரைந்திருக்கிறார்கள். இன்னொன்று இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். 2021-ல் ஏ-கில்லும் கட்ராவும் சேர்ந்து வரைந்த முகங்கள் நிலையத்தின் வெளிச்சுவரில் வரிசையாக நிற்கின்றன. எச்.ஐ.வி. விழிப்புணர்வுக்காக வரைந்த படம் அது. அதில் யாருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்த்தால் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்தப் படத்தின் விஷயமே. பஸ்ஸில் போய்க்கொண்டே பார்த்தேன், இறங்கி நடந்து போய்ப் பார்த்தேன், பக்கத்தில் நின்றும் பார்த்தேன். பக்கத்தில் நின்றால் முகமே இல்லை, வெறும் வண்ணத் திட்டுகள். தூரம்தான் அந்தத் திட்டுகளை முகமாக்குகிறது. எங்கள் தெருவின் அகலம் 18 அடி. அப்போதே வயிற்றில் லேசாகப் புளி கரைத்தது.

சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மயில், தாமரை, திருவள்ளுவர், நீர்வீழ்ச்சி. ஒருவர் தன் பேரன் படத்தை அலைபேசியில் காட்டினார். நான் தெருமுனையில் பூ விற்கும் அக்காவின் கைகளை மட்டும் வரைகிறேன் என்றேன். மேலே இரண்டு பெரிய கைகள், அவற்றிலிருந்து தரைவரை இறங்கும் பூச்சரம். “எத்தனை வருஷம் நிக்கும்?” என்றார் செயலாளர். வெளியில் வைக்கும் எதற்கும் உத்தரவாதம் இல்லை என்று புரியவைக்க, ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமாவின் மஞ்சள் பூசணியைப் பற்றிச் சொன்னேன். ஜப்பானில் நவோஷிமா தீவின் கடலோரத்தில் 1994 முதல் இருந்த சிற்பம். 2021 ஆகஸ்டில் புயல் அலை அதைப் பெயர்த்துக்கொண்டு போனது. மறுபடி செய்து 2022-ல் அதே இடத்தில் வைத்தார்கள். செயலாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அவங்ககிட்ட மறுபடி செய்யக் காசு இருந்துச்சும்மா” என்றார். மூன்று ஆண்டு என்று பேசி முடித்தோம். கட்டட உரிமையாளர்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிய சம்மதக் கடிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கடைசி நாள்வரை பையிலேயே வைத்திருந்தேன். சுவர் அவர்களுடையதுதான். ஆனாலும் தெருவில் ஏணியோடு நிற்பவரிடம் யாரும் வந்து ‘யாரைக் கேட்டு?’ என்று கேட்கலாம். கேட்டார்கள், நான்கு முறை.

முதல் வரைவைப் பூக்கார அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “இது என்ன பாப்பா, தையக்காரி கையா?”

நான் ஊசியில் கோக்கிற மாதிரி விரல்களை வரைந்திருக்கிறேன். அக்கா கட்டுவது அப்படி இல்லை. இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு பூ இந்தப் பக்கம் தலை வைத்து, இரண்டு பூ அந்தப் பக்கம் தலை வைத்துப் படுத்திருக்கின்றன. வலது கை நூலை ஒரு வளையமாகத் திருப்பிப் பூக்காம்புகளின் மேல் மாட்டி இழுக்கிறது. அவ்வளவுதான், ஒரு நொடி. அந்த இழுப்பில் சுண்டுவிரல் மட்டும் தன்பாட்டுக்கு வெளியே நீட்டிக்கொள்கிறது. எனக்காக மெதுவாகச் செய்து காட்டச் சொன்னேன். மெதுவாகச் செய்தால் அவருக்கே வரவில்லை. காணொளி எடுத்து நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் அந்தச் சுண்டுவிரலைப் பிடித்தேன்.

இனி சுவர். இங்கேதான் எனக்குத் துணையாக ஒருவர் கிடைத்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சினிமா பேனர் வரைந்தவர். பிளெக்ஸ் வந்து அந்தத் தொழிலைத் துடைத்துப் போட்ட பிறகு கடைப் பலகை, கோயில் சுவர் என்று கிடைத்ததைச் செய்கிறார். ஓவியர் எம். எஃப். உசேன் கூட மும்பையில் சினிமா பேனர் வரைந்துதான் பெரிய அளவுக்குக் கை பழகினார் என்று அவரிடம் சொன்னேன். “தெரியும். நாங்களும் வரைஞ்சோம். அவரு உசேன் ஆயிட்டாரு” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சு ஓடவில்லை.

அண்ணன் முதலில் பிரஷ்ஷை எடுக்கவில்லை. உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்த்தார். கை வெள்ளையானது. “சுண்ணாம்பு. இது மேல எதைப் பூசினாலும் சுண்ணாம்போட சேர்ந்து உரிஞ்சு வரும். சுரண்டணும். முழுசா.” இரண்டு ஆட்கள், உப்புத்தாள், இரும்பு பிரஷ், நான்கு நாள். நான்காம் நாள் மாலை கீழ்ப்பகுதியில், அந்தக் கட்சி எழுத்து இருந்த இடத்தில், பல தேர்தல்களின் பெயின்ட் ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப் போய்க் கல் மாதிரி நின்றது. ஆட்கள் களைத்துவிட்டார்கள், ஐந்தாம் நாள் கூலிக்கு என்னிடம் பணம் இல்லை. “பிரைமர் ரெண்டு கோட்டு அடிச்சா மூடிடும்ணா” என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சவுக்குக் கம்புச் சாரம் கட்டினார்கள். பிரைமர் காய்ந்ததும் வரைவைச் சுவருக்கு ஏற்ற வேண்டும். புரொஜெக்டர் வைக்கலாம் என்றுதான் நான் போயிருந்தேன். 18 அடித் தூரத்திலிருந்து 40 அடி அகலத்துக்கு சாதாரண வாடகை புரொஜெக்டர் எட்டாது, இதில் தெருவிளக்கு வேறு. என் வயது ஓவியர்கள் இப்போது இன்னொரு வழி வைத்திருக்கிறார்கள். சுவர் முழுக்கக் கண்டபடி கிறுக்கி, அதைப் புகைப்படம் எடுத்து, டேப்லெட்டில் அதன் மேல் வரைவைப் படிய வைத்து, எந்தக் கிறுக்கல் பக்கத்தில் எந்தக் கோடு வருகிறது என்று பார்த்து வரைவது. நல்ல வழிதான். ஆனால் அந்தப் புகைப்படத்தை நேராக எடுக்கவும் தூரம் வேண்டும். அண்ணன் சிரித்தார். “கட்டம் போடும்மா.”

பேனர்காரர்களின் பழைய முறை. காகிதத்தில் ஒரு அங்குலம் சுவரில் நான்கு அடி. எனவே வரைவு பத்துக்கு எட்டு அங்குலத்தில் அடங்கிவிடும். அரை அங்குலத்துக்கு ஒரு கட்டம், சுவரில் இரண்டடிக்கு ஒரு கட்டம். மொத்தம் 320. இரண்டு பேர் நூலின் இரு முனையைப் பிடித்து இழுத்து நடுவில் சுண்டினால் நேர்கோடு விழும். நான் நூலில் நீலப் பொடி தடவினேன். அண்ணன் பிடுங்கிக் கழுவிவிட்டுச் சாக்பீஸ் பொடி தடவினார். நீலம் மஞ்சளுக்குள் கசிந்து ஏறுமாம், பூவெல்லாம் அழுகின மாதிரி ஆகிவிடுமாம். வெள்ளைப் பிரைமரில் வெள்ளைச் சாக்பீஸ் எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் முதலில் முழுச் சுவருக்கும் பின்னணி நிறத்தை அடித்துவிட்டோம், மயில்கழுத்து நிறத்தில். கடைக்காரரிடம் மயில்கழுத்து என்றதும், “நம்பர் சொல்லுங்க மேடம்” என்றார். என் அம்மாவின் பழைய பட்டுப்புடவையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டி, மெஷினில் மூன்று முறை கலந்து பார்த்துத்தான் கிடைத்தது. இருட்டுப் பின்னணி போட்டதில் இன்னொரு நன்மை. தெற்குச் சுவர், தை மாத வெயில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நேராக அடிக்கும். வெள்ளைப் பிரைமரைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் நின்றதில் எனக்கு இரவெல்லாம் கண் எரிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டால் நிறம் மாறித் தெரியும்.

சாரத்தின் மேல் நின்றால் உங்கள் முகத்துக்கு முன்னால் ஒன்றரை அடித் தூரத்தில் ஒரு கட்டைவிரல் நகம் இருக்கும், அது உங்கள் முகத்தைவிடப் பெரிதாக இருக்கும். பின்னால் நகர்ந்து பார்க்க முடியாது, நகர்ந்தால் தெருவில் விழலாம். அதனால் ஒவ்வொரு முறையும் இறங்கி, எதிர் வீட்டு மாடிக்கு ஏறி, பார்த்து, மறுபடி இறங்கி ஏற வேண்டும். எதிர் வீட்டு மாமி முதல் நாள் கேட்டைத் திறந்து விட்டார், மூன்றாம் நாள் சாவியையே கொடுத்துவிட்டார். கட்டத்தை நம்பிப் பழக எனக்கு ஐந்து நாள் ஆனது. ‘பி-7 கட்டத்தில் இடது மேல் மூலையிலிருந்து கீழ்க்கோட்டின் பாதிக்கு ஒரு வளைவு’. அவ்வளவுதான் வரைய வேண்டும். அது விரலா மணிக்கட்டா என்று யோசித்தால் கெட்டது.

கனகாம்பரம் என்னைப் படுத்திய பாட்டைச் சொல்லியாக வேண்டும். நல்ல அடர்ந்த ஆரஞ்சு வாங்கினேன். இரண்டு கோட் அடித்தும் மயில்கழுத்து அடியிலிருந்து எட்டிப் பார்த்தது, பூ வாடின மாதிரி. இப்படிப்பட்ட பளீர் நிறங்களைக் கலக்கும் அடிப்படைப் பெயின்டில் வெள்ளை நிறமி மிகக் குறைவு, அதனால் அடியில் இருப்பதை மறைக்கும் சக்தியும் குறைவு. சிவப்பும் ஆரஞ்சும் எப்போதும் இதே தொல்லைதான். மூன்றாவது கோட்டுக்கு டப்பாவைத் திறந்தபோது அண்ணன் தடுத்து, வெள்ளையில் கொஞ்சம் மஞ்சள் கலந்து பூ இடங்களை மட்டும் முதலில் அடைத்தார். அதன் மேல் ஆரஞ்சு ஒரே கோட். எதிர் வீட்டு மாடியிலிருந்து பார்த்தேன். எரிந்தது.

ஒன்பதாம் நாள் இடது மணிக்கட்டில் வெள்ளைப் பொடி. யாரோ மாவு தூவிவிட்டுப் போனது போல. அண்ணன் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். “உப்பு.” சுவருக்குப் பின்னால் முதல் மாடிக் குளியலறை. எங்கோ குழாய் இணைப்பு கசிந்து, செங்கல்லில் இருக்கும் உப்பை ஈரம் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. ஈரம் காய்ந்துவிடும், உப்பு தங்கி பெயின்டைத் தள்ளும். அந்த வீட்டுக்காரர், “எங்க வீட்ல லீக்கே இல்ல” என்றார். சங்கச் செயலாளர் போய்ப் பேசி, பிளம்பர் வந்து டைல்ஸைப் பெயர்த்தபோது அடியில் குட்டையே இருந்தது. அந்த இடத்தைச் சுரண்டி, தண்ணீர் படாமல் காய்ந்த பிரஷ்ஷால் மட்டும் உப்பைத் தட்டி, காற்றாட விட்டோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பன்னிரண்டு நாள். அதுவரை அக்காவின் கை மணிக்கட்டில் ஒரு பெரிய சொறியோடு நின்றது, தெருவே விசாரித்தது. சாரத்துக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே போனது. என் லாபம் போன வழி அதுதான்.

சாரம் பிரிக்கும் நாளில் கூடவே நின்றேன். கம்புகள் சுவரில் முட்டிய இடமெல்லாம் வண்ணம் படாத திட்டுகள் இருக்கும். மேலிருந்து ஒவ்வோர் அடுக்காகப் பிரிக்கப் பிரிக்க அவற்றை அடைத்துக்கொண்டே இறங்க வேண்டும், விட்டால் பிறகு எட்டாது. ஒன்றை விட்டுவிட்டேன். மேல் வலது ஓரம், ஐந்து ரூபாய்க் காசளவு வெள்ளை. மல்லி மொட்டு என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்று நாலரை மணிக்குப் பூக்கார அக்கா மகனோடு வந்தார். முதலில் சுண்டுவிரலைப் பார்த்தார், தலையை ஆட்டினார். “ஒரு முழம் இவ்ளோ பெருசா கட்டினா யாரு வாங்குவா?” என்றார். வெயில் சாய்ந்து சுவரை உரசிக்கொண்டு போனது. ஏழாவது படிக்கும் அவர் மகன் சுவரின் கீழ்ப்பக்கம் போய்த் தலையைச் சாய்த்து எதையோ படித்தான். அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில், பூச்சரத்துக்கும் மயில்கழுத்துக்கும் அடியிலிருந்து, ஐந்தாம் நாள் சுரண்டாமல் விட்ட தடித்த பெயின்ட் விளிம்புகள் நிழல் போட்டிருந்தன. இரண்டே எழுத்து.

“‘வரை’ன்னு இருக்குக்கா. உங்க கையெழுத்தா?”

அண்ணன் திரும்பிக்கொண்டு பிரஷ் கழுவ ஆரம்பித்தார்.