மே 31 வரை அந்தக் கிளை

ஏப்ரல் 6

எங்கள் வேப்பமரத்தில் காக்கா கூடு கட்டியிருக்கிறது, அதன் ஒரு கிளை மதிலைத் தாண்டி நீள்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள அந்தக் கிளைய எடுத்துடுங்க. இல்லேன்னா நானே ஆள் வெச்சு எடுத்துருவேன்" என்றார். கோபத்தோடு வந்த புகார்தான். ஆனாலும் அதற்குள் இருந்த குறைகளைப் பிரித்து எழுதிக்கொண்டாயிற்று. மாடியில் துணி காயப்போட்டால் காக்கா தலையில் அடிக்கிறது. கார் முழுக்க எச்சம். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயை வேப்பிலை அடைக்கிறது. காற்றடித்தால் கிளை தகரக் கூரையில் உரசுகிறது.

முதல் இரண்டும் பறவையால் வருபவை, கூடு காலியானால் தீர்ந்துவிடும். மற்ற இரண்டும் மரத்தால் வருபவை, தானாகத் தீராது. அந்த இரண்டில் நியாயம் முழுக்க அவர் பக்கம். நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் பேச்சு "மரத்தையே எடு" என்பதில்தான் போய் முடியும்.

ஏப்ரல் 7

பேசப் போகுமுன் அளவு கையில் இருக்க வேண்டும். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரச் சுற்றளவு 126 செ.மீ., அதாவது குறுக்களவு சுமார் 40. தகராறுக்குக் காரணமான கிளை அடியில் 12 செ.மீ. கனம். மதிலின் நடுக்கோட்டில் தூக்குக் குண்டு கட்டிப் பார்த்ததில் 2.3 மீட்டர் அந்தப் பக்கம் நீட்டியிருக்கிறது. கண்மதிப்பில் ஒரு மீட்டர்தான் என்று தோன்றியிருந்தது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எப்போதும் குறைவாகத்தான் தெரியும்.

கூடு இந்தக் கிளையில் இல்லை. அடுத்த கவட்டில், ஒன்றரை மீட்டர் தள்ளி, ஏறக்குறைய ஏழு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் கிளையை இப்போதே எடுத்துவிடலாம் என்று தோன்றும், அது தவறு. அந்தக் கிளையின் இலைதான் கூட்டுக்குப் பிற்பகல் நிழல், பருந்தின் கண்ணிலிருந்து மறைப்பும் அதுவே. ரம்பம் அறுக்கும் அதிர்வும் கவடு வழியாகக் கூடு வரை போகும்.

ஏப்ரல் 8

கூடு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரியாமல் யாருக்கும் தேதி கொடுக்க முடியாது. ஏணி போட்டு எட்டிப் பார்க்கத் தேவையில்லை. மாடியிலிருந்து பைனாகுலரில், காலையில் ஒரு மணி நேரம் போதும். குச்சி சுமந்து வந்தால் கட்டுமானம் நடக்கிறது. ஒரு பறவை எழாமல் அமர்ந்து, வால் மட்டும் கூட்டின் விளிம்புக்கு மேல் தெரிந்தால் அடைகாப்பு. வாயில் இரையோடு சில நிமிடத்துக்கொரு முறை வந்து போனால் குஞ்சு. இதில் கட்டும்போதும் முட்டையிடும்போதும்தான் கவனம் மிக அதிகம் வேண்டும். பறவை கூட்டைக் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அப்போதுதான். குஞ்சு பொரித்துவிட்டால் எளிதில் விட்டுப் போகாது.

இங்கே 4-ஆம் தேதி வரை குச்சி சுமந்தன, கூடவே நான்கைந்து இரும்புக் கம்பித் துண்டுகளும். கம்பி சேர்த்துக் கட்டுவது வீட்டுக் காக்கைக்கு வழக்கம். மின்கம்பி அருகில் கூடு இருந்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இந்த மரத்தை ஒட்டி மின்கம்பி எதுவும் போகவில்லை. 6-ஆம் தேதி முதல் ஒன்று உட்கார்ந்தே இருக்கிறது.

கணக்கு இதுதான். வீட்டுக் காக்கையின் முட்டை பொரிய 16, 17 நாள். எல்லா முட்டையும் ஒரே நாளில் பொரியாது என்பதால் முன்பின் நான்கு நாள் சேர்த்தால் ஏப்ரல் 26. குஞ்சு கூட்டை விட்டு இறங்க மூன்று முதல் நான்கு வாரம், ஆக மே 24-க்குள். பறக்கப் பழக மேலும் ஒரு வாரம். மே 31.

ஏப்ரல் 10

கையில் தாளோடு போனது நல்லதாயிற்று. சட்டத்தை முதலில் எடுக்கவில்லை. "கிளைய எடுக்கிறேண்ணே. எந்தக் கிளை, எந்தத் தேதின்னு எழுதியே தர்றேன்." ஒரு நிமிஷம் படித்துவிட்டு, "அதுவரைக்கும் தலையில அடி வாங்கிட்டே இருக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் இல்லாமல் தேதி மட்டும் கொடுத்தால் அது வெறும் தள்ளிப்போடல். தாளில் மூன்று விஷயம்தான்: மே 31 அன்று வெட்டப்படும் கிளை (படத்தில் வெள்ளைக் கோடு), அதுவரை செய்து தரும் ஏற்பாடுகள், கூலியும் குப்பை அகற்றலும் மரம் இருக்கும் வீட்டின் பொறுப்பு. இருவர் கையெழுத்து.

மரத்தின் உச்சியை மொட்டையடித்தால் என்ன என்றும் கேட்டார். கூடாது. மொட்டையடித்த இடத்தில் மரம் அவசரமாகக் கொத்துக் கொத்தாய்ப் போத்து (புதுத் துளிர்க்கிளை) விடும். அவை தோலுக்கடியில் மேலோட்டமாக முளைத்தவை, பழைய கிளை போல உள்ளே வேர்பிடித்து நிற்பவை அல்ல. சில வருஷத்தில் கனத்து, பெருங்காற்றில் முதலில் முறிந்து அவர் கூரை மேலேயே விழும். ஒரு வருஷத்தில் பச்சைக் கிளைகளில் கால் பங்குக்கு மேல் எடுக்காமல் இருப்பதுதான் மரத்துக்குத் தாங்கும் அளவு. இந்த ஒரு கிளை அதில் பாதிகூட வராது.

ஏப்ரல் 11

இடைக்கால ஏற்பாடு. துணிக்கொடியை மாடியின் எதிர் மூலைக்கு, கூட்டிலிருந்து ஒன்பது மீட்டர் தள்ளி மாற்றியாயிற்று. பாதித் தொல்லை இதிலேயே போய்விட்டது. காக்கா பெரும்பாலும் பின்னாலிருந்துதான் பாயும். குடை பிடித்துப் போவது போதும், அகன்ற தொப்பியும் உதவும். கல்லெறிவது, பட்டாசு போடுவது, தண்ணீர் பீய்ச்சுவது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃப் குழு முகமூடி அணிந்து அமெரிக்கக் காகங்களிடம் நடத்திய சோதனையில், தங்களைப் பிடித்த முகத்தை அவை வருஷக்கணக்கில் நினைவு வைத்திருந்தன. மற்றக் காகங்களும் அந்த முகத்தைக் கற்றுக்கொண்டன. நம் வீட்டுக் காக்கை வேறு இனம்தான், ஆனாலும் எறிந்தவரைத் தேடி வந்து அடிக்கிறது என்பதைக் கண்ணால் கண்டவர்கள் பலர்.

காருக்கு உறை. எச்சம் பட்டுவிட்டால் காய்ந்ததைச் சுரண்டக் கூடாது. பெயின்ட்டில் கீறல் விழும், தூசியும் மூக்குக்குள் போகும். ஈரத்துணியைப் பத்து நிமிடம் அதன்மேல் போட்டு ஊறவைத்துத் துடைத்தால் வந்துவிடும். மாடித் தண்ணீர் இறங்கும் குழாயின் வாயில் ஒரு செ.மீ. கண்ணுள்ள வலையைக் குமிழ் போல வளைத்து வைத்தாயிற்று. தட்டையாக வைத்தால் இலை அதன்மேல் படிந்து மூடிவிடும்.

ஏப்ரல் 14

அவருடைய மைத்துனர் வந்து, "எங்க பக்கம் வந்த கிளைய வெட்ட எங்களுக்கு உரிமை இருக்கு" என்றார். இருக்கிறது. எல்லை தாண்டிய பகுதியைத் தன் இடத்தில் நின்றபடி எல்லை வரை வெட்டலாம் என்பது ஆங்கிலச் சட்டத்தில் லெம்மன் எதிர் வெப் வழக்கு முதல் நிலைத்த விதி. ஆனால் கூடு வந்ததும் வேறு சட்டம் குறுக்கே நிற்கிறது. இந்தியாவின் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் "வேட்டை" என்பதன் விளக்கத்திலேயே காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் குலைப்பதையும் சேர்த்திருக்கிறது. பிரிட்டனின் 1981 சட்டம் கட்டிக்கொண்டிருக்கும் கூட்டையும் காக்கிறது. கிளை மேல் உள்ள உரிமை கூட்டின் மேல் கிடையாது. இதைத் தாழ்ந்த குரலில், ஒரே தடவை சொன்னால் போதும்.

ஏப்ரல் 23

இரை வரத்து தொடங்கிவிட்டது. கணக்கு பிசகவில்லை. தாளின் நகலில் தேதி போட்டு அவரிடம் காட்டியாயிற்று.

மே 3

இரவுக் காற்றில் ஒரு குஞ்சு விழுந்து கிடந்தது. உடம்பில் இறகு இன்னும் ஊசி ஊசியாக உறைக்குள்ளேயே இருந்தது. இறகு முழுக்க விரிந்து, தத்தித் தத்தி நடக்கும் குஞ்சென்றால் எடுக்கவே வேண்டாம். பூனைக்கு எட்டாத புதர் மேல் வைத்தால் தாய் தேடி வரும். இது அந்த வயது இல்லை.

மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. ஏழு மீட்டர் ஏறுவது ஆபத்து. அதனால் இருபது செ.மீ. அகலமுள்ள, அடியில் ஓட்டை உள்ள கூடை, அதில் காய்ந்த புல். பச்சைப் புல் போட்டால் ஈரம் குஞ்சின் சூட்டை இழுத்துவிடும். கூடையை அதே மரத்தில், மூன்று மீட்டர் உயரத்தில், வெயில் படாத பக்கம் கயிற்றால் கட்டியது. ஆணி கூடாது. கட்டும்போது ஹெல்மெட் அவசியம், காக்கா இரண்டும் விடாமல் பாய்ந்தன. வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். பிறகு தூரத்திலிருந்து பார்த்ததில் ஐம்பதாவது நிமிடம் ஒரு காக்கா வந்து கூடை விளிம்பில் உட்கார்ந்தது. சிவந்த வாய் திறந்தது. இரை உள்ளே போனது. பக்கத்து வீட்டு அண்ணியும் மாடியிலிருந்து, கொடியைப் பிடித்தபடி, அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மே 15

மூன்று குஞ்சும் கிளைக்கு வந்துவிட்டன, கூடையில் இருந்ததும் சேர்த்து. இனி பத்து நாள்தான் மிகக் கடுமையான காலம். குஞ்சு வெளியே வந்ததும் பெற்றோரின் காவல் எல்லை பெரிதாகும். போன மாதம் தாக்காத படிக்கட்டில்கூட இப்போது தாக்கும். இதை முன்கூட்டியே சொல்லாமல் விட்டால் "குறையும்னீங்க, கூடிடுச்சே" என்று பேச்சு முறியும். நேற்றே சொல்லியாயிற்று. அண்ணன் பின்பக்கப் படியைப் பூட்டி வைத்திருக்கிறார்.

மே 30

இரண்டு நாளாக விடியற்காலையில் கூட்டுப் பக்கம் எதுவும் வரவில்லை. ஒரு கூடு காலியானால் மரமே காலி என்று நினைப்பதுதான் வெட்டும் நாளில் நடக்கும் பெரிய தவறு. கிளை கிளையாகப் பார்க்க வேண்டும்: தைத்த இலைக்குள் தையல்சிட்டு, பொந்தில் மைனா, இலை மறைவில் புறா. வீட்டுப் பக்கக் கிளையில் பத்துப் பதினைந்து குச்சி மட்டும் அடுக்கிய புள்ளிப்புறாக் கூடு இருக்கிறது. கீழிருந்து பார்த்தால் குச்சி இடுக்கு வழியாகவே இரண்டு வெள்ளை முட்டை தெரிகிறது. வெட்டும் கிளைக்கு நேர் எதிர்ப்பக்கம், ஐந்து மீட்டர் தூரம். வேலை நடக்கலாம். ஆனால் இயந்திர ரம்பம் வேண்டாம், கைரம்பம்தான். ஏணியும் ஆட்களும் அந்தப் பக்கம் போகக் கூடாது.

மே 31

காலை ஏழு மணிக்குத் தொடங்கியது. முதலில் கிளையின் நுனிப் பகுதியை மூன்று துண்டாக எடுத்து, கயிறு கட்டி மெல்ல இறக்கினோம். தகரக் கூரையில் ஒன்றும் விழவில்லை. பிறகு அடிக்கட்டை. தண்டிலிருந்து 40 செ.மீ. தள்ளி அடியிலிருந்து மேல்நோக்கி நாலு செ.மீ. ஆழம் ஒரு வெட்டு. அதற்கு ஐந்து செ.மீ. வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை அதில் முறிந்து பிரியும். அடிவெட்டு இல்லாவிட்டால் கனம் தாங்காமல் பட்டை தண்டு வரை உரிந்து வரும், அந்தக் காயம் எளிதில் மூடாது.

கடைசி வெட்டில்தான் கவனம். கிளை தண்டோடு சேரும் இடத்தில் மோதிரம் போல ஒரு புடைப்பு இருக்கும். வெட்டு அதற்குச் சற்று வெளியே, அதைத் தொடாமல் போக வேண்டும். தண்டோடு ஒட்ட வழித்தால் மூடும் திசுவே போய்விடும், நீளமாக விட்டால் கட்டை உளுத்து அழுகல் உள்ளே இறங்கும். கூலியாள் தார் பூச டப்பாவோடு வந்திருந்தார், வேண்டாம் என்று சொல்லியாயிற்று. தார் அழுகலைத் தடுக்காது. மரம் காயத்தைச் சுற்றி உள்ளே தானே தடுப்புச் சுவர் எழுப்பிக்கொள்கிறது என்று அமெரிக்க மர ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்னார்.

அண்ணன் கடைசி வரை கூட நின்றார். தூக்குக் குண்டை அவரே பிடித்துப் பார்த்தார். இப்போது எல்லைக்கு மேல் எதுவும் இல்லை.

ஜூன் 14

காயத்தின் கீழ் ஓரத்தில் நாலு போத்து. பத்து செ.மீ. ஆகுமுன் விரலாலேயே கிள்ளி எடுத்துவிடலாம், விட்டால் அதே இடத்தில் அதே கிளை. புறா முட்டை பொரித்துவிட்டது. குழாய் வலையில் இலை நிற்கவில்லை. பழைய தாளின் பின்பக்கம் இருவரும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: அடுத்த கவாத்து ஜனவரியில், காக்கா குச்சி சுமக்கத் தொடங்குமுன்.