யூ வரலையே, ஆயா!

கல்யாணத்துக்கு முதல் நாள், காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் மதியப் பந்தி முடிந்து பெரியவர்கள் முகப்பில் தலையைச் சாய்த்ததும், உள்ளே வளவில் சத்தம் ஆரம்பிக்கும். ஒரு காலத்தில் அது பல்லாங்குழிச் சத்தம். இப்போது சிங்கப்பூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் பெட்டியோடு, எழுத்துக் காய்களை அடுக்கி ஆங்கில வார்த்தை அமைக்கும் ஸ்கிராபிளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். சில்லென்ற ஆத்தங்குடிக் கல் தரையில் போர்டை விரித்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் இந்த ஒப்பாரி நிச்சயம்:

"எனக்கு க்யூ வந்திருச்சு. யூ வரலையே, ஆயா!"

வைத்தவன் பேரன். எதிரே ஆயா, தேன்குழலைக் கடித்தபடி, முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கிறார். தினமும் ராத்திரி போனில் ஊர் பேர் தெரியாதவர்களோடு ஆடுகிறவர் என்பது பேரனுக்குத் தெரியாது.

ஆங்கில வார்த்தைகளில் க்யூவுக்குப் பின்னால் பெரும்பாலும் யூ வரும். ஆனால் அந்த யூவுக்குக் காத்திருப்பது ஏன் வீண் வேலை என்பது கணக்கிலேயே இருக்கிறது. ஆட்டத்தில் மொத்தம் 100 காய். க்யூ ஒன்றே ஒன்று, மதிப்பு 10. யூ நாலு, ஐ ஒன்பது. அந்த நாலு யூவில் இரண்டு ஏற்கெனவே போர்டில், ஒன்று மாமா கையில் என்றால், மிச்சம் ஒன்றுக்காகத் தவம் கிடக்க வேண்டும். அதுவரை கையில் இருக்கும் ஏழு காயில் ஒன்று செத்த காய். ஏழையும் ஒரே வீச்சில் இறக்கினால் கிடைக்கும் 50 போனஸுக்கும் வழியில்லை.

பேரன் பொறுமை இழந்து க்யூவைப் பையில் போட்டு வேறு காய் எடுத்தான். மாற்றினால் அந்த முறை ஆட முடியாது, அதையும் விட்டுக்கொடுத்தான். சனியன் தொலைந்தது என்று ஒரு தேன்குழலும் எடுத்துக்கொண்டான். எண்ணெய் விரலோடு பைக்குள் கைவிடக் கூடாது என்று ஆயா அப்போதே அதட்டினார். கறை பட்ட காயை அடுத்த முறை எல்லோரும் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

அடுத்த சுற்றில் அந்த க்யூ ஆயாவிடமே வந்து சேர்ந்தது. மாமா அப்போதுதான் 'ராகி' என்று படுக்கைவாட்டில் போட்டு 8 புள்ளி எழுதச் சொல்லியிருந்தார். நம் கேழ்வரகேதான், ஆங்கில அகராதியில் இருக்கிறது. அதன் கடைசி எழுத்து ஐ. அந்த ஐ-க்கு நேர் மேல் கட்டம் கருநீலம், அதாவது எழுத்துக்கு மூன்று மடங்கு. ஆயா அங்கே க்யூவை வைத்து, அதற்கு வலப்பக்கம் தன் கையிலிருந்த ஐ-யை வைத்து, "சீ!" என்றார்.

பாத்திரம் எடுக்க வந்த சமையல்காரர் பயந்து நின்றுவிட்டார்.

க்யூ, ஐ. சீனர்கள் சொல்லும் உயிர்மூச்சு, உயிராற்றல். உச்சரிப்பு 'சீ'தான். ஆட்டத்தில் செல்லும் வார்த்தைகளின் வட அமெரிக்கப் பட்டியலில் 2006-ல் சேர்ந்தது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் பார்க்கும் கோலின்ஸ் பட்டியலிலும் உண்டு. புள்ளியைப் பாருங்கள்: க்யூ மூன்று மடங்கில் 30, ஐ 1, ஆக 31. மேலிருந்து கீழே வாசித்தாலும் அதே வார்த்தை, மறுபடியும் 31. இரண்டு காயில் 62. மாமா பேனாவை உதறிப் பார்த்தார்.

இதற்கு இடம் பார்ப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படுக்கை வார்த்தையில் ஐ இருந்தால் அதற்கு மேலும் கீழும் காலியாக இருக்க வேண்டும். க்யூ மேலே போகும். நெட்டு வார்த்தையில் ஐ இருந்தால் இரண்டு பக்கமும் காலி வேண்டும், க்யூ இடப்பக்கம். வைக்கிற க்யூவுக்குப் பக்கத்தில் வேறு எழுத்து ஒட்டினால் அதுவும் சேர்ந்து ஒரு வார்த்தை ஆக வேண்டும். ஆகாவிட்டால் எல்லாக் காயையும் திரும்ப எடுக்க வேண்டியதுதான். ஐ-க்குப் பின்னால் ஓர் எஸ் சேர்க்கலாம். ஆகவே க்யூ யார் கையில் என்று தெரியாதவரை கையில் ஓர் ஐ வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது ஆட்டத்தில் க்யூ போனது மாப்பிள்ளையின் தம்பிக்கு. தோஹாவில் வேலை. மனிதர் சந்தோஷமாக 'கத்தார்' என்று ஐந்து காயை அடுக்கினார். ஊர்ப் பெயர் செல்லாது என்றான் பேரன், முந்தின ஆட்டத்து எரிச்சலோடு.

"ஆறு வருஷமா அங்கதான் தம்பி குப்பை கொட்டுறேன். அப்படி ஒரு ஊரே இல்லைங்கிறியா?"

ஊர் இருக்கிறது, அகராதியில் சாதாரணச் சொல்லாக இல்லை. ஈராக்குக்கும் அதே கதி. கடைசி இரண்டு காயை எடுத்துவிட்டால் மிச்சம் நிற்கும் மூன்றெழுத்து செல்லும் என்று ஆயா எடுத்துக்கொடுத்தார். 'காட்', ஏமனில் வெற்றிலை போடுவதுபோல் கன்னத்தில் அடக்கும் இலை. 12 புள்ளி. போட்டால் முழுசாகப் போடுவேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அவர் எல்லாவற்றையும் வாரிக்கொண்டார். சம்பந்தி வீட்டு ரோஷம்.

உண்மையில் தமிழ்ப் பேப்பர் படிக்கிறவர்களுக்கு இந்த வார்த்தைகள் புதிதே அல்ல. வக்ஃப், தலாக், காஜி, ஃபக்கீர் நான்கும் கோலின்ஸ் பட்டியலில் க்யூ போட்டு, யூ இல்லாமல் இருக்கின்றன. வக்ஃபுக்கு டபிள்யூ, ஏ, க்யூ, எஃப்: மடங்குக் கட்டம் எதுவும் இல்லாமலே 19. ஃபக்கீருக்கு 17. எழுத்துக்கூட்டும்போது மட்டும் கவனம். காஜியில் ஜே வராது, க்யூ, ஏ, டி, ஐ. அரபுச் சந்தையைக் குறிக்கும் 'சூக்' யூவோடு வரும், ஆனால் யூ முன்னால், க்யூ கடைசியில்.

வீட்டு ஆட்டத்தில் சண்டை வருவது பெரும்பாலும் பட்டியலால். ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு அகராதி பார்ப்பார்கள். எந்தப் பட்டியல் என்பதை முதல் காய் எடுக்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டும். காயையும் பத்துப் பத்தாக அடுக்கி நூறு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒன்று குறைந்தால் புளியங்கொட்டையில் எழுதிச் சேர்க்கலாம் என்பார் மாமா. சேர்க்கவே கூடாது. பைக்குள் கை விட்டதுமே தடவித் தெரிந்துவிடும். க்யூ என்றால் ஒருவரும் எடுக்கமாட்டார்கள்.

தோஹாக்காரர் க்யூவை வைத்துக்கொண்டே கடைசிவரை வந்தார். பிறகு மாற்றப் பார்த்தார். பையில் ஏழு காயாவது இருந்தால்தான் மாற்றலாம், இருந்தது நாலு. ஆயா முதலில் காயை முடித்தார். இவர் கையில் தங்கிய க்யூவுக்கு இவர் கணக்கில் 10 கழிவு, ஆயா கணக்கில் 10 வரவு. ஆக 20 புள்ளி இடைவெளி. ஆயா ஜெயித்தது 14 புள்ளியில்.

"கத்தாரை அப்பவே ஒத்துக்கிட்டிருந்தா இந்தக் கதியே இல்லை" என்றார் அவர்.

"அந்த இலையைப் போட்டிருந்தாலும்தான்" என்றான் பேரன்.