வால்பாறை இறக்கமும் கறுப்பு வெல்வெட்டும்: ஐந்தாவது பயணத்தில் கிடைத்த படம்

போன ஞாயிறு காலை வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கிய பஸ்ஸில், முன்கண்ணாடி வழியே எடுத்த ஒரு படம் சுத்தமாக வந்துவிட்டது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவு, அதற்குக் கீழே மடிந்து மடிந்து இறங்கும் சாலை, அதற்கும் கீழே ஆழியாறு அணையின் நீர்ப்பரப்பு. வானத்தின் நடுவே என் சட்டைக் காலரின் பிரதிபலிப்பு மிதக்கவில்லை. சாமி படத்துக்கு மேல் எரியும் சிவப்பு விளக்கு மலைச்சரிவில் ஒட்டிக்கொள்ளவில்லை. இந்த ஒரு படத்துக்கு நான்கு மாதங்களும் ஐந்து பயணங்களும் ஆகின. எதில் இத்தனை காலம் சிக்கிக்கொண்டு கிடந்தேன் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

இறங்கி நின்று எடுத்தால் என்ன என்று வீட்டிலும் கேட்டார்கள், நண்பர்களும் கேட்டார்கள். அதே ஒன்பதாவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனையில் நின்று எல்லோரும் எடுக்கிறார்கள். நானும் பல முறை எடுத்திருக்கிறேன். அந்தப் படங்களில் பள்ளத்தாக்கு இருக்கும், அணை இருக்கும், பயணம் இருக்காது. மலைச்சாலையில் பஸ்ஸின் முன்னிருக்கையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: வளைவுக்கு முந்தைய நொடியில் கண்ணாடி முழுக்க வெறும் ஆகாயம்தான் நிற்கும். பிறகு பஸ் திரும்பத் திரும்ப, ஒரு ஓரத்திலிருந்து சாலை மெல்ல உள்ளே வரும். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் காட்சி. அதைக் கண்ணாடிக்கு உள்ளேயிருந்துதான் எடுக்க முடியும்.

முதல் பயணத்தில் ஏறும்போது எடுத்தேன். அதுவே தவறு. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டியதும் ஒன்றாம் வளைவு தொடங்கி, மேலே போகப் போக எண்கள் கூடி 40 வரை போகும். ஏறுகிற பஸ்ஸின் கண்ணாடியில் தெரிவது பெரும்பாலும் வெட்டிய மலைச்சுவரும் மரங்களும்தான். அணை முதுகுக்குப் பின்னால் இருக்கும். இறங்கும்போதுதான் பள்ளத்தாக்கு எதிரே விரிகிறது. இறங்குவது ஏறத்தாழ வடக்கு நோக்கி என்பதால், காலையில் இறங்கினால் வெயில் வலப்பக்கத்திலிருந்து சாய்வாக விழுந்து வளைவுகளின் உருவத்தை எடுத்துக் காட்டும். மாலையில் இறங்கினால் வளைவுக்கு வளைவு மேற்கு வெயில் நேராகக் கண்ணாடியில் அறைந்து, அதில் ஒட்டியிருக்கும் தூசி ஒவ்வொன்றையும் ஒளிர வைத்துவிடும். ஆகவே முதல் நாள் இரவே போய்த் தங்கி, காலை பஸ்ஸைப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். இதைக் கண்டுகொள்ளவே ஒரு பயணம் போயிற்று.

இனி பிரதிபலிப்பு. என் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான்.

போலரைசர் (ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் தடுக்க, லென்ஸின் முன்னால் மாட்டிச் சுழற்றும் வடிகட்டி) மாட்டினால் கண்ணாடிப் பிரதிபலிப்பு போய்விடும் என்று நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். நானும் நம்பி, சேமித்து வைத்திருந்த பணத்தில் நல்லதாக ஒன்று வாங்கினேன். இரண்டாம் பயணத்தில் அதைச் சுழற்றிச் சுழற்றி விரல் வலித்ததுதான் மிச்சம். என் வெள்ளைச் சட்டை கண்ணாடியில் அப்படியே நின்றது. அதே போலரைசரை மைத்துனரின் காரில் வைத்துப் பார்த்தபோது, டாஷ்போர்டின் பிரதிபலிப்பு துடைத்துவிட்டது போல மறைந்தது. ஒரே பொருள் ஓரிடத்தில் வேலை செய்கிறது, இன்னோரிடத்தில் அசைய மறுக்கிறது. இரண்டு வாரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விடை கண்ணாடியின் சாய்வில் இருக்கிறது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளி, கண்ணாடிப் பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து ஏறக்குறைய 56 டிகிரி சாய்வில் படும்போதுதான் முழுமையாக ஒரே தளத்தில் அதிர்கிறது. அந்த ஒளியைத்தான் போலரைசரால் முழுதாகத் தடுக்க முடியும். காரின் முன்கண்ணாடி நன்றாகப் படுத்திருக்கும். நேராகப் பார்க்கும் பார்வை அந்தச் சாய்வுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பஸ்ஸின் முன்கண்ணாடியோ சுவர் போல நிமிர்ந்து நிற்கிறது. அதை நேருக்கு நேர் பார்க்கும் கேமராவுக்குப் போலரைசரால் எந்த உதவியும் இல்லை. உதவி இல்லாததோடு, ஏறக்குறைய இரண்டு ஸ்டாப், அதாவது நான்கில் மூன்று பங்கு வெளிச்சத்தையும் அது விழுங்கிவிடுகிறது. மர நிழலில் 1/800 நொடியில் எடுத்துக்கொண்டிருந்தவன் 1/200க்கு இறங்க வேண்டியதாயிற்று. மலைச்சாலையில் பஸ் போடும் குலுக்கலில் 1/200 எந்த மூலைக்கு? அன்று எடுத்த படங்களில் பாதி கலங்கிப்போயின. பஸ்ஸில் போகிறவர்கள் போலரைசரைப் பையிலேயே வைத்துவிடுங்கள். இதை நான் உறுதியாகச் சொல்வேன்.

காரில் போகிறவர்களும் அதை முன்கண்ணாடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து உறுதியேற்றிய டெம்பர்டு வகை. அந்த உறுதியேற்றலில் கண்ணாடிக்குள் தங்கிவிட்ட இறுக்கம், போலரைசர் வழியே பார்க்கும்போது வண்ணப் பட்டைகளாகவும் புள்ளிகளாகவும் எழுந்து வரும். நல்ல நீல வானத்தில் அந்தப் பட்டைகள் விழுந்தால் படத்தைக் காப்பாற்ற வழியே இல்லை. முன்கண்ணாடி இரு அடுக்குகளை நடுவில் ஒரு படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகை என்பதால் அந்தத் தொல்லை தருவதில்லை.

ஆக, பஸ்ஸில் பிரதிபலிப்பைத் தடுக்க ஒரே வழி, பிரதிபலிக்கும் பொருளையே இருட்டாக்குவது. மூன்றாம் பயணத்துக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, வீட்டில் கிடந்த கறுப்பு சாட்டின் துணியைக் கேமராவைச் சுற்றிப் பிடித்தேன். சாட்டின் மினுங்கியது. கறுப்பு என்று நாம் நினைக்கும் துணிகளில் பல, வெயில் பட்டால் சாம்பல் நிறம் என்பது அன்றுதான் புரிந்தது. குடைத்துணியும் அப்படித்தான். கோவை ஒப்பணக்கார வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, கறுப்பு என்று எடுத்துப் போட்ட ஒவ்வொரு துணியையும் வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கடைசியில் நின்றது வெல்வெட். அதன் நுண்ணிய இழைகள் ஒளியைத் தமக்குள்ளேயே சிக்க வைத்துக்கொள்கின்றன. பளபளப்பு மிகுந்த மெல்லிய வெல்வெட்டும் விற்கிறார்கள், அது வேண்டாம். மேசை விரிப்புக்கும் நகைப்பெட்டிக்கும் வாங்கிப்போகும் தடித்த, மங்கலான வகை வேண்டும். அரை மீட்டர் போதும். அந்தக் கடைக்காரர் பொறுமையாக ஏழு வகை எடுத்துக் காட்டினார். வாசல்வரை தானும் வந்து பார்த்தார். இனி எனக்குத் துணி வேண்டுமென்றால் அங்கேதான் போவேன்.

நடுவில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, ஓட்டையின் விளிம்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துத் தரச் சொன்னேன். நான்கு மூலைகளிலும் கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் குமிழ்கள். கேமராவைச் சுற்றி ஒரு சிறு கூடாரம் போல ஆகிவிட்டது. நான்காம் பயணத்தில் நாற்பதாம் வளைவுக்கு வரும் முன்னரே அது என்னைக் கைவிட்டது. கவர்க்கல் பக்கம் மூடுபனி இறங்கி, கண்ணாடி வெளியே சில்லென்று இருந்தது. உள்ளே கூடாரத்துக்குள் என் மூச்சுக்காற்று வெளியேற வழியில்லாமல் தங்கிவிட்டது. சில நிமிடங்களில் கண்ணாடியின் உட்புறம் ஆவி படர்ந்து, அணையும் தெரியவில்லை, வளைவும் தெரியவில்லை. துடைக்கத் துடைக்க மறுபடி படர்ந்தது. ஈரத்தில் குமிழ்களும் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. அன்று ஒரு படம்கூட எடுக்காமல் ஊர் வந்து சேர்ந்தேன். அந்த எரிச்சல் ஒரு வாரம் தீரவில்லை.

ஐந்தாம் பயணத்துக்குப் போகும் முன், கொஞ்சம் விலகி ஒன்று: கடைசியில் கைகொடுத்த அமைப்பை வைத்துக்கொண்டு அடுத்துப் போடிமெட்டுக்குப் போகப்போகிறேன். போடிநாயக்கனூரிலிருந்து மேலேறும் 17 வளைவுகள், கொச்சி–தொண்டி நெடுஞ்சாலை 85. அங்கே மலைச்சரிவு திறந்து கிடப்பதால் கீழே இருக்கும் வளைவுகள் மரங்களில் ஒளிந்துகொள்ளாது. கொல்லிமலையின் 70 வளைவுகளையும் யோசித்தேன். மேலிருந்து பார்த்தால் அழகு. பஸ்ஸுக்குள்ளிருந்து பார்த்தால் ஒரு நேரத்தில் ஒன்றோ இரண்டோதான் தெரிகின்றன. அது பிறகு. அரிச்சல்முனை வரை போகும் தனுஷ்கோடிச் சாலையும் பட்டியலில் இருக்கிறது. 2017இல் அது திறந்தபோதே போயிருக்க வேண்டும். அங்கே வளைவே இல்லை. இரு கடலுக்கும் நடுவே நேர்க்கோடு. அதற்குக் கண்ணாடி வேண்டாம், கானல் எழுவதற்கு முன் வெறும் லென்ஸோடு நின்றால் போதும்.

சரி, ஐந்தாம் பயணம். நான்காம் தோல்வியை உட்கார்ந்து ஆராய்ந்தபோது ஒன்று புலப்பட்டது. நிமிர்ந்த கண்ணாடியில், சற்றே கீழ்நோக்கிய பார்வைக்குத் தெரிவது என் மார்பும் மடியும் முன்னால் இருக்கும் பலகையும். வெயில் விழுவதும் அவற்றின் மீதுதான். மேல்நோக்கிய பார்வைக்குத் தெரிவது பஸ்ஸின் உட்கூரை. அதன் மீது நேர்வெயில் விழுவதில்லை. அப்படியானால் மேல்பக்கத்தை மூட வேண்டிய தேவையே இல்லை! கூடாரத்தின் மேல்பகுதியை வெட்டி எறிந்தேன். லென்ஸுக்குக் கீழேயும் இரு பக்கமும் மட்டும் தொங்கும் ஓர் ஏப்ரன் போல ஆயிற்று. மூச்சுக்காற்று மேலே போய்விடுகிறது, ஆவி படர்வதில்லை. குமிழ்களையும் தூக்கிப் போட்டேன். கீழ் ஓரத்தில் உருண்டைக் கம்பி வைத்துத் தைத்ததில் துணி தன் கனத்தாலேயே நிற்கிறது.

ஓட்டுநரிடம் முதலிலேயே போய்ச் சொன்னேன்: “அண்ணா, முன்னிருக்கையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாமா? ஃபிளாஷ் போட மாட்டேன்.” துணியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். “எடுங்கள் தம்பி. இடப்பக்கக் கண்ணாடி எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்” என்றார். வளைவில் பின்சக்கரம் எங்கே வருகிறது என்று அவர் பார்ப்பது அந்தக் கண்ணாடியில்தான். உட்கார்ந்ததும் துணியை ஒரு சாண் கீழே இறக்கிக்கொண்டேன்.

அமைப்பு இதுதான்: 18 மி.மீ., எஃப்/4 (லென்ஸின் துளை நன்றாகத் திறந்த நிலை), மேனுவல் ஃபோகஸ். துளையைச் சுருக்கி எஃப்/8 வைத்தால் வைப்பர் இழுத்த கோடுகள் வானத்தில் அரைவட்டமாகத் தெரிகின்றன. எஃப்/4இல் அவை கரைந்துவிடுகின்றன. ஆட்டோ ஃபோகஸைத் தொடவே வேண்டாம், அது கண்ணாடியில் இருக்கும் பூச்சியைத்தான் பிடிக்கும். லென்ஸைக் கண்ணாடிக்கு இரண்டு விரற்கடை தள்ளி வைத்தேன். முட்ட வைத்தால் எஞ்சின் அதிர்வு நேராகக் கேமராவுக்குள் இறங்கிவிடும். முழங்கையைக் கம்பியில் ஊன்றினாலும் அதே கதைதான். உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

மேல் வளைவுகளில் எடுத்தவற்றில் பாதி தேறவில்லை. பஸ் திரும்பும் வேகத்தில் சாலை சட்டகத்துக்குள் வந்து போய்விடுகிறது. அட்டகட்டி தாண்டிய பிறகுதான் தாளம் பிடிபட்டது. வலப்பக்க வளைவுகளில் பஸ் வெளி ஓரமாகப் பெரிய வட்டம் அடிக்கிறது. சாலை நிதானமாக உள்ளே வருகிறது. இடப்பக்க வளைவுகள் உள் ஓரத்தில் சுருங்கித் திரும்புவதால் நேரம் கிடைப்பதில்லை. அதனால் வலப்பக்கத் திருப்பங்களுக்கு மட்டும் காத்திருந்தேன்.

ஒன்பதாவது வளைவில் நடந்தது நான் திட்டமிடாதது. கீழேயிருந்து ஒரு லாரி முனகிக்கொண்டு ஏறி வந்தது. மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி. எங்கள் ஓட்டுநர் வளைவின் வாயிலேயே பஸ்ஸை நிறுத்திக் காத்திருந்தார். நான்கு மாதம் ஓடிக்கொண்டே எடுக்க முயன்ற காட்சி, அரை நிமிடம் கண்ணாடிக்குள் அசையாமல் நின்றது. லாரி வளைவின் நடுவே வந்து, அதன் நீலத் தார்ப்பாயில் காலை வெயில் விழுந்தபோது எடுத்தேன். பதினொரு படங்கள். ஏழாவதுதான் அந்தப் படம்.

நிறம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. பஸ் கண்ணாடி மெல்லிய பச்சை சேர்க்கிறது. அணை நீர் பாசி பிடித்தது போல இருக்கிறது. அடுத்த முறை பஸ் கிளம்பும் முன் ஒரு வெள்ளைத் தாளைக் கண்ணாடிக்கு வெளியே பிடிக்கச் சொல்லி உள்ளிருந்து ஒரு படம் எடுத்து, அதை வைத்து வெண்சமநிலையைச் சரிசெய்யப் போகிறேன். ஓட்டுநருக்கு ஒரு பிரதி அச்சிட்டு வைத்திருக்கிறேன். பச்சையை எடுத்த பிறகு இன்னொன்று அச்சிட்டு, அதையே கொண்டுபோய்க் கொடுப்பேன்.