கோழிக்கறிக்குக் கிருமி கொல்லும் உறை: ஆய்வகத்தில் பட்ட பாடு

முதுகலை ஆய்வுக்கு முதலில் நான் எழுதிக் கொடுத்த தலைப்பு, கோழிக்கறியைச் சுற்றி வைக்க நைசின் கலந்த படலம். லாக்டோகாக்கஸ் என்ற பால் பாக்டீரியா சுரக்கும் பொருள் அது. சீஸ் பொட்டலங்களில் ஈ234 என்று போட்டிருப்பார்களே, அதுதான். உணவில் வரும் நோய்க்கிருமியான லிஸ்டீரியாவை நன்றாகக் கொல்லும். ஆய்வு வழிகாட்டியான மேடம் தாளைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "கோழிங்கிறியே, அப்போ சால்மொனெல்லாவை என்னம்மா பண்ணுவே?" சால்மொனெல்லாவும் உணவில் வரும் நோய்க்கிருமிதான், ஆனால் கிராம் நெகட்டிவ் வகை, அதாவது வெளியே கூடுதலாக ஒரு சவ்வு உள்ளது. அதன் வெளிச்சவ்வைத் தாண்டி நைசின் தனியாக உள்ளே போகாது. தலைப்பு அன்றைக்கே மாறியது: கிராம்பு எண்ணெய் கலந்த கைட்டோசான் படலம்.

கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. வெறும் தண்ணீரில் கரையாது. ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் போட்டு இரவு முழுக்கக் கலக்க விட வேண்டும். மறுநாள் மெல்லிய துணியில் வடிகட்டி, படலம் நொறுங்காமல் வளைய கிளிசரால், எண்ணெய் பிரியாமல் இருக்க ட்வீன் 80, கடைசியில் கிராம்பு எண்ணெய்.

தட்டில் ஊற்றிக் காய வைப்பதுதான் பெரும்பாடு. கலக்கும்போது நுரைத்துக்கொள்ளும்; வெற்றிடப் பம்பில் வைத்துக் குமிழிகளை எடுக்காவிட்டால் காய்ந்ததும் பொடிப்பொடியாக ஓட்டை விழும். எங்கள் ஓவனின் அடுக்கு ஒரு பக்கம் லேசாகச் சரிந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் படலம் ஒரு ஓரம் தடித்தும் மறு ஓரம் கையோடு கிழிகிற அளவு மெலிந்தும் வரும். கொத்தனார் வைக்கும் ரசமட்டம் ஒன்றை வாங்கி வந்து, மடித்த காகிதத்தை முட்டுக் கொடுத்துச் சரி செய்தேன். இளமஞ்சள் நிறத்தில், ஓரத்தைக் கத்தி முனையால் கிளப்பி இழுத்தால் முழுதாக உரிந்து வரும் படலம் அதற்கப்புறம்தான் கிடைத்தது. சூடு அதிகமானால் எண்ணெய் ஆவியாகிவிடும், 40 டிகிரிக்கு மேல் போகாதீர்கள்.

அகார் என்ற, கிருமி வளர்க்கும் ஜெல்லி ஊற்றிய தட்டில் பாக்டீரியாவைத் தடவி, படலத்தை வட்டமாக வெட்டி வைத்தால் எண்ணெய் பரவிய தூரத்துக்குக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் தெரியும். எண்ணெய் சேர்க்காத வெறும் கைட்டோசானுக்கு வளையம் வராது. அது அகாருக்குள் பரவுவதில்லை, தொட்ட இடத்தில்தான் வேலை செய்யும். படலத்தைத் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். இன்னொன்று: படலத்தில் தங்கிவிட்ட அசிட்டிக் அமிலமே கொஞ்சம் கிருமியைக் கொன்றுவிடும். ஆகவே எண்ணெய் இல்லாத படலத்தையும் ஒப்பிட்டுப் பார்க்காத முடிவை நான் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

அகாரில் அழகாக வந்த வளையத்தை நம்பிக் கறிக்குப் போனால் கதையே வேறு. தோல் நீக்கிய நெஞ்சுக்கறித் துண்டில் சால்மொனெல்லாவைத் தடவி, படலத்தைச் சுற்றி 4 டிகிரியில் வைத்தோம். எண்ணிக்கை ஒரு லாக் குறைவதற்கே திணறியது. ஒரு லாக் என்றால் 90 சதவீதம்; கேட்க நன்றாக இருக்கும், ஆனால் லட்சம் கிருமியில் பத்தாயிரம் உயிரோடு மிச்சம். காரணம், கறியில் உள்ள கொழுப்பும் புரதமும் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கிருமிக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான். போதாக்குறைக்குக் கறியின் ஈரத்தில் படலம் ஊறி, கொழகொழவென்று ஆகிவிட்டது.

ஊறாமல் இருக்க, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் முக்கி எடுத்துப் பார்த்தேன். தண்ணீருக்கு அசரவில்லை. ஆனால் கிளிசராலும் எண்ணெயில் ஒரு பங்கும் கழுவிப் போய், படலம் அப்பளம் மாதிரி உடைந்தது. கடைசியில் பலன் தந்தது சாதாரண யோசனை: ஊறினால் ஊறட்டும் என்று விட்டு, மொத்தத்தையும் வாக்குவம் பையில் போட்டு அழுத்தினோம். படலம் கறியோடு மடிப்பில்லாமல் ஒட்டியது, எண்ணிக்கையும் இறங்கியது. லிஸ்டீரியாவையும் தனியாகப் பார்த்தோம். ஃபிரிட்ஜ் குளிரில் சால்மொனெல்லா பெருகாமல் சும்மா கிடக்கும், லிஸ்டீரியா மெதுவாகப் பெருகும். அதனால் படலத்தால் என்ன வித்தியாசம் என்பது லிஸ்டீரியாவில்தான் தெளிவாகத் தெரிந்தது.

எண்ணெயைக் கூட்டினால் இன்னும் கொல்லும்தான். கிருமி தடவாத கறியை அந்தப் படலத்தில் வைத்திருந்து, வேகவைத்துச் சுவைக்கக் கொடுத்தபோது பாதிப் பேர் "பிரியாணி வாசம் வருதே" என்று சந்தோஷப்பட்டார்கள். மீதிப் பேர் நாக்கு மரத்துப்போகிறது என்று தட்டைத் தள்ளிவிட்டார்கள். இரண்டுக்கும் காரணம் கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான ஒரே யூஜினால்.

இப்போது மாட்டிக்கொண்டு நிற்பது, உறையிலிருந்து உணவுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்ற சோதனையில். நம் நாட்டு விதிப்படி பிளாஸ்டிக் உறைக்கு ஒரு சதுர டெசிமீட்டருக்கு 10 மில்லிகிராம்தான் வரம்பு. உணவுக்குப் பதிலாக வைக்கும் திரவங்களில் ஒன்று 3 சதவீத அசிட்டிக் அமிலம். அதில் போட்டால் என் படலம் முழுசாகவே கரைந்துவிடும்! வெறும் தண்ணீரில் வைத்தாலும் கிளிசரால் இறங்கி வரம்பைத் தாண்டுகிறது. சிட்ரிக் அமிலத்தால் இழைகளைப் பிணைத்துப் பார்க்கலாம் என்கிறார் மேடம். இதை உறை என்று சொல்லாமல் கறியோடு சேர்த்தே சாப்பிடும் பூச்சாக எழுதிவிடலாம் என்பது என் கட்சி. அப்படி எழுதினால் நாக்கு மரத்துப்போகும் பிரச்சினைக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்கிறார்.