ஜன்னலுக்கு ஒரு சாவி மணி: இழுத்தாலும் அடிக்கணும், அறுத்தாலும் அடிக்கணும்

போன வருஷம் புரட்டாசியில் ஒரு ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில், கொல்லைப் பக்க ஜன்னல் வழியாக யாரோ கம்பை விட்டு அம்மாவின் மணிபர்ஸையும் போனையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். காலையில் ஜன்னலுக்கு வெளியே அந்தக் கம்பு கிடந்தது. நீளமான கொய்யாக் கம்பு, அதன் முனையில் குடைக் கம்பி ஒன்றைக் கொக்கியாக வளைத்து, சாக்கு தைக்கிற சணலால் இறுக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். போன பொருளைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது என்னவென்றால், அன்றிலிருந்து அம்மா ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் படுத்தார்கள். எங்களுடையது மன்னார்குடி பக்கத்துப் பழைய ஓட்டு வீடு. ஜன்னலைச் சாத்தினால் கூடத்தில் காற்றே வராது, வியர்வையில் நனைந்து ராத்திரி முழுக்க விசிறிக்கொண்டே கிடப்பார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே அவர்கள் பயமில்லாமல் தூங்க வேண்டும் என்றுதான் இந்த வேலையை ஆரம்பித்தேன். பதினோரு மாதம் ஆகிவிட்டது. நாலு ஜன்னலில் இரண்டு முடிந்திருக்கிறது. எது சரியாக வந்தது, எது வரவில்லை என்று இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கடையில் கிடைக்கிற காந்த அலாரம் வாங்கினேன். ஜன்னல் கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு பெட்டி, இரண்டும் விலகினால் அலறும். இரண்டு விஷயத்தில் அது எங்களுக்கு ஒத்துவரவில்லை. ஒன்று, கதவு திறந்தால்தான் அதற்குத் தெரியும். ஏற்கெனவே திறந்திருக்கிற ஜன்னலில் கம்பிகளுக்கு நடுவே ஒரு கை நுழைந்தால் அது சும்மா இருக்கும். இரண்டு, ஐப்பசி மழை பிடித்ததும் கதவு ஊறி இடைவெளி மாறி, நடுராத்திரியில் காரணமே இல்லாமல் அலறியது. ஒரு மாதத்தில் பேட்டரி முனையில் பச்சைக் களிம்பு வேறு.

அப்போதுதான் கரண்டும் பேட்டரியும் இல்லாமல் செய்தால் என்ன என்று தோன்றியது. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது இங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் கிடையாது, கடையில் பேட்டரியும் கிடையாது. அந்த மாதிரி நாளில்தான் காவல் அதிகம் தேவைப்படும். ஜன்னல் திறந்தால் மின்சாரத்தில் மணி அடிக்கிற ஏற்பாட்டுக்கு 1853லேயே அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் காப்புரிமை வாங்கிவிட்டார். நான் அதற்கும் முந்தைய, சாவி கொடுக்கிற காலத்துக்குப் போகிறேன்.

சத்தத்துக்கு என்ன வழி என்று மூன்று விதமாகச் செய்து பார்த்தேன். பழைய கடைவாசல்களில் இருக்குமே, வளைந்த தகட்டு ஸ்பிரிங்கின் முனையில் ஒரு மணி, அதை முதலில் செய்தேன். மூன்று நான்கு நொடியில் ஆடி ஓய்ந்துவிட்டது, தூக்கத்தில் இருக்கிறவருக்குப் போதாது. அடுத்து சைக்கிள் பெல். உள்ளே இருக்கிற பல்சக்கரத்தில் நூலைச் சுற்றி, நூலின் மறுமுனையில் மூன்று கிலோ எடைக்கல்லைக் கட்டி உயரத்திலிருந்து விட்டேன். சத்தம் பிரமாதம், ஆனால் நாலே நொடியில் கல் தரையைத் தொட்டுவிட்டது. வேகத்தைக் கட்டுப்படுத்த உள்ளே ஒன்றுமே இல்லையே, கல் விழுகிற சக்தியெல்லாம் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறது.

மூன்றாவதாகத்தான் சரியான ஆளைப் பிடித்தேன். பழைய சாமான் கடையில் 150 ரூபாய்க்கு, நேரம் காட்டாத ஒரு சாவி அலாரம் கடிகாரம் கிடைத்தது. இந்தக் கடிகாரங்களில் நேரத்துக்கு ஒரு ஸ்பிரிங், அலாரத்துக்குத் தனியாக ஒரு ஸ்பிரிங் இருக்கும். நேரம் ஓடுகிற பக்கம் செத்திருந்தாலும் அலாரப் பக்கம் உயிரோடு இருந்தது. பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ரொம்ப அழகான ஏற்பாடு: ஸ்பிரிங் ஒரு பெரிய சக்கரத்தைத் தள்ளுகிறது, அது ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது, அந்தச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் இரண்டு கொம்புள்ள ஒரு துண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி உதைக்கிறது, அந்தத் துண்டோடு சேர்ந்ததுதான் சுத்தியல். ஆக அடிக்கிற வேலையே வேகத்தையும் கட்டுப்படுத்திவிடுகிறது. முழுச் சாவி கொடுத்தால் எனக்கு 26 நொடி அடித்தது. அலாரம் நேரம் வருகிற வரைக்கும் சுத்தியலை ஒரு சின்னத் தடுப்புக் கம்பி பிடித்துக்கொண்டிருக்கும். அதை விடுவித்தால் போதும், மற்றதைக் கடிகாரம் பார்த்துக்கொள்ளும்.

மணிக்காக நாச்சியார்கோயில் போனேன். அங்கே குத்துவிளக்கு வார்க்கிற ஒரு பட்டறையில் வெண்கலக் கிண்ணம் ஒன்று கேட்டேன். பித்தளை செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது, தட்டினால் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும். மணி வெண்கலத்தில் நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் என்ற கணக்கில் சேரும், அதனால்தான் கோயில் மணி அடித்த பிறகும் இழுத்துக்கொண்டே போகிறது. முதலில் வாங்கியது கனமான கிண்ணம், கடிகாரத்தின் சின்னச் சுத்தியலுக்கு அது அசையவே இல்லை. திரும்பப் போய் மெல்லிசாக, ஒன்பது சென்டிமீட்டர் வாய் உள்ளதாக மாற்றிக்கொண்டு வந்தேன். அப்படியும் மணிச் சத்தம் வரவில்லை. டக் டக் என்று ஓட்டைத் தட்டுகிற மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. சுத்தியல் அடித்துவிட்டு விளிம்பிலேயே ஒட்டி நிற்கிறது, நாம் தட்டிய தாளத்தைக் கையால் பிடித்துக்கொள்வது போல. சுத்தியலின் காம்பைக் குறட்டால் கொஞ்சம் வளைத்து, ஓய்வில் இருக்கும்போது விளிம்புக்கும் அதற்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி செய்தேன். இப்போது வீச்சில் மட்டும்தான் தொட்டுவிட்டுத் திரும்புகிறது. கணீரென்று வந்தது.

எங்கள் தெரு ஆசாரி அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, "தம்பி, இதைச் செவுத்துல அடிக்காதீங்க, ஒரு பலாப் பலகைப் பொட்டியில ஏத்துங்க. வீணையே பலாவுலதானே செய்யறாங்க" என்றார். அரை அங்குலப் பலகையில் உள்ளே காலியாக ஒரு பெட்டி அவரே செய்து கொடுத்தார். அதன் மேல் ஏற்றிய பிறகு கூடத்தில் ஃபேன் ஓடும்போதும் வாசல் திண்ணையில் தெளிவாகக் கேட்கிறது.

ஆனால் இதெல்லாம் பாதி வேலைகூட இல்லை. நிஜமான கஷ்டம் எப்போது அடிக்க வேண்டும், எப்போது அடிக்கக் கூடாது என்பதில் இருக்கிறது. கை பட்டால் அடிக்க வேண்டும், காற்று பட்டால் கூடாது. பல்லி ஓடினால் கூடாது. மழையில் மரம் ஊறினால் கூடாது. அப்புறம் ஜன்னலுக்குக் குறுக்கே நான் கட்டுகிற மெல்லிய கம்பியை விஷயம் தெரிந்த ஆள் வந்து நறுக்கினாலும் அடிக்க வேண்டும்.

இதற்கு வழி காட்டியது வயலில் வைக்கிற எலிக் கிட்டி. நம் டெல்டாக்காரர்களுக்குத் தெரியும், வெளியூர்க்காரர்கள் தஞ்சாவூர் கிட்டி என்பார்கள். மூங்கில் பிளாச்சை வில்லாக வளைத்து நாண் கட்டி, அந்த முழு விறைப்பையும் ஒரு துக்கினியூண்டு குச்சியில் மாட்டி வைத்திருப்பார்கள். எலி இரையைத் தொட்டுக் குச்சி நழுவினால் முடிந்தது. சின்ன வயதில் வரப்பில் உட்கார்ந்து கிட்டி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் குச்சியைச் செதுக்கும்போது மட்டும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். வில்லை யார் வேண்டுமானாலும் வளைக்கலாம். எலி தொட்டால் நழுவி, நெல் தாள் உரசினால் நழுவாமல் அந்தக் குச்சியை உட்கார வைப்பதில்தான் கைப்பக்குவம் இருக்கிறது.

நான் செய்தது இப்படி. மூங்கிலில் விரல் நீளத்துக்கு ஒரு நாக்கு, அடியில் ஓர் ஆணியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாயும்படி நிற்கிறது. ஜன்னலுக்குக் குறுக்கே ஓடுகிற கம்பி நாக்கை இடது பக்கம் இழுக்கிறது, வலது பக்கம் ஒரு சின்ன இழுவை ஸ்பிரிங் இழுக்கிறது, இரண்டும் சமமாக இருப்பதால் நாக்கு நட்டுக்குத்தலாக நிற்கிறது. நாக்கின் தலை ஆறு மில்லிமீட்டர் அகலம். அதன் நடு மத்தியில் கடிகாரத்தின் தடுப்புக் கம்பி உட்கார்ந்திருக்கிறது. யாராவது குறுக்குக் கம்பியைத் தள்ளினாலோ இழுத்தாலோ நாக்கு இடது பக்கம் மூன்று மில்லிமீட்டர் சாயும், தடுப்பு விழும், மணி அடிக்கும். கம்பியை நறுக்கினால் ஸ்பிரிங் வலது பக்கம் இழுத்துவிடும், அப்போதும் தடுப்பு விழும். ஒருமுறை விழுந்துவிட்டால் தானாக மேலே ஏறாது, ஜன்னலைத் திரும்பச் சாத்தினாலும் மணி நிற்காது. முதல்முறை கம்பியை நானே வெட்டிப் பார்த்து அது அடித்தபோது எனக்கு உண்டான சந்தோஷம் கொஞ்சமில்லை, அம்மாவைக் கூப்பிட்டு இன்னொரு கம்பி கட்டி அவர்கள் கையாலும் வெட்டச் சொன்னேன்.

குறுக்குக் கம்பிக்கு முதலில் தூண்டில் நரம்பு போட்டிருந்தேன். கண்ணுக்குத் தெரியாது, விலை குறைவு. ஆனால் நைலான் ஈரத்தைக் குடித்துத் தளரும். கார்த்திகை அடைமழையில் இரண்டு ராத்திரி தொடர்ந்து நரம்பு தொய்ந்து, ஸ்பிரிங் ஜெயித்து, மணி அடித்துவிட்டது. தஞ்சாவூரில் வீணைக்குப் போடுகிற மெல்லிய எஃகுத் தந்தி வாங்கி மாற்றினேன். எஃகுக்கு ஈரம் ஒரு பொருட்டில்லை. வெயிலில் நீளாதா என்று கேட்கலாம், ஒன்றேகால் மீட்டர் தந்திக்குப் பத்து டிகிரி சூடு ஏறினால் ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் நீளும், நமக்கு இருக்கிற இடமோ மூன்று மில்லிமீட்டர். துரு மட்டும் பிடிக்கும், வாரம் ஒருமுறை தையல் மெஷின் எண்ணெயை விரலில் தொட்டுத் தடவுகிறேன்.

தந்தி மாற்றியும் ஒரு ராத்திரி பொய்யாக அடித்தது. அது என் தவறு, நாக்கை ஜன்னல் கதவில் பொருத்தியிருந்தேன். மரம் குறுக்குவாட்டில்தான் ஊறும், நார் ஓடுகிற நீளவாட்டில் அநேகமாக ஊறாது. கதவுப் பலகையின் குறுக்கே நான் அளவு வைத்திருந்ததால் மழைக்கு மழை அளவு மாறியது. எல்லாவற்றையும் கழற்றி நிலைச்சட்டத்துக்கே கொண்டுபோனேன். மேல் கட்டையிலும் கீழ் கட்டையிலும் நார் ஓடுகிற திசையும் தந்தி ஓடுகிற திசையும் ஒன்றாக இருப்பதால், அதற்கப்புறம் அந்தத் தொந்தரவு இல்லை.

ஒரே வரிசை தந்தி போதாது, கம்பு எந்த உயரத்திலும் நுழையும். ஒரே தந்தியை மூன்று வரிசையாக மடக்கிக் கொண்டுபோனேன், திரும்புகிற இடங்களில் ஆணி. பாலிதீன் பையில் மணலை நிறுத்து நடுவில் தொங்கவிட்டுச் சோதித்ததில், நாக்குக்கு அருகில் உள்ள வரிசை 150 கிராமுக்கு அடித்தது, மூன்றாவது வரிசை அரைக் கிலோ கேட்டது. ஒவ்வொரு ஆணியிலும் உராய்வு இழுப்பைக் கிட்டத்தட்ட பாதியாகத் தின்றுவிடுகிறது. ஆணிக்குப் பதில் அம்மாவின் தையல் மெஷின் பாபின்களை ஆணியில் கோத்து உருளையாக விட்டேன். இப்போது மூன்றாவது வரிசையும் 200 கிராமுக்கு விழுகிறது. பல்லி ஓடுகிறது, ஒன்றும் ஆவதில்லை. திரைச்சீலையைத் தந்திக்கு உள்பக்கமாக மாற்றிக் கட்டினேன், காற்றுக்கும் அடிப்பதில்லை. பூனை நுழைந்தால் அடிக்கும், அதைத் தவிர்க்க இன்னும் வழி தெரியவில்லை. பூனைக்கு விலக்குக் கொடுக்கப் போனால் கைக்கும் விலக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன்.

கொய்யாக் கம்பை நான் தூக்கிப் போடவில்லை. போன மாதம் அதையே எடுத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்குக் கொல்லைப் பக்கம் போய், எதிர் வீட்டுப் பெரியம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக ஜன்னலில் விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு முறை விட்டேன், பதினோரு முறை அடித்தது. அடிக்காத ஒருமுறை கம்பு தந்திக்கு மேலே, மேல் கட்டையை ஒட்டி நுழைந்திருந்தது. அங்கே ஒரு சாண் இடைவெளி விட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. நாலாவது வரிசை போட்டாயிற்று. மறுநாள் பெரியம்மா, "ஏம்ப்பா, எங்க வீட்டு ஜன்னலுக்கும் ஒண்ணு கட்டிக் குடுப்பியா" என்று கேட்டார்கள்.

ஒரு ஜன்னலுக்கு ஆன செலவு, பலாப் பெட்டியைச் சேர்க்காமல், எழுநூறு ரூபாய்க்குள் வந்தது. அதில் பாதி வெண்கலக் கிண்ணத்துக்குப் போனது. மூன்றாவது ஜன்னலுக்குக் கடிகாரம் கிடைத்துவிட்டது, சுத்தியல் காம்புதான் முறிந்திருக்கிறது, சைக்கிள் ஆரக்கம்பியில் ஒன்று செய்ய வேண்டும். அம்மா ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் இரண்டு மணியையும் ஒருமுறை முழுக்க அடிக்கவிட்டு, திரும்பச் சாவி கொடுத்து, தடுப்பை நாக்கின் தலையில் தானே உட்கார வைக்கிறார்கள். இப்போது ஜன்னல் இரண்டும் ராத்திரி திறந்துதான் இருக்கிறது.